மழைக்காலத்தில் கேரவன் – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

உங்கள் தளத்தை என் கணவர்தான் முதலில் படிப்பார். பிறகு எனக்கு அனுப்பி, படித்தாயா படித்தாயா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். போன மழைக்காலத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் கேரவன் எடுத்துக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத் தரங்கம்பாடி வரை போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து இவருக்கு அதே நினைப்பு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வரும் நவம்பரில் ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்து, நாலே நாளில் கோடியக்கரை வரை போய்த் திரும்புவது என்று நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு என்பது வரை அதில் இருக்கிறது.

எனக்கு அறுபத்திரண்டு வயது. சர்க்கரை உண்டு, முழங்கால் வலியும் உண்டு. உங்கள் கட்டுரையில் மழை இருக்கிறது, வயல் இருக்கிறது, டேனியக் கோட்டை இருக்கிறது. பாத்ரூம் எங்கே இருக்கிறது? யார் சமைத்தது? ராத்திரி வண்டியை எங்கே நிறுத்தினீர்கள்? புயல் வந்தால் என்ன செய்வது? காரில் போய் நல்ல லாட்ஜில் தங்கினால் செலவும் குறைவு, தலைவலியும் இல்லை என்கிறேன். உனக்கு ரசனை இல்லை என்கிறார். தை மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லலாமா? நீங்கள் சொன்னால் கேட்பார்.

ச., குரோம்பேட்டை

*

வணக்கம் அம்மா,

நீங்கள் கேட்டதில் பாத்ரூம் கேள்விதான் முக்கியமானது. அதிலிருந்தே தொடங்குகிறேன். ரசனைக்கு அப்புறம் வருவோம்.

நம் ஊர்ப் பெண்கள் வெளியூர் கிளம்பினால் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் அரை டம்ளர் காபியோடு ஏறி உட்காருவார்கள். மதியம் சாப்பிடும்போதுகூட நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி. பங்க் பாத்ரூம் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். திறந்திருந்தாலும் மழைநாளில் அதற்குள் கால் வைக்க முடியாது. என் மனைவியும் அப்படித்தான். ஆனால் கேரவனில் மரக்காணம் வருவதற்குள் ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்துவிட்டார். சர்க்கரை உள்ள நீங்கள் கேரவனில் போக இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை. உங்கள் கார் லாட்ஜ் கணக்கு சரிதான், செலவு குறைவுதான். ஆனால் ஒரு லாட்ஜுக்கும் அடுத்த லாட்ஜுக்கும் நடுவில் இருக்கிற நாலைந்து மணி நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. ராத்திரி மூன்று மணிக்கு, கொட்டுகிற மழையில், முழங்கால் வலியோடு நாலு அடி நடந்தால் போதும் என்பது சின்ன விஷயமா?

அதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிகளில் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் சூட்கேஸ் மாதிரி ஒரு தொட்டி இருக்கும். இருபது லிட்டர் அளவுக்குப் பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒன்றரை நாள், கொஞ்சம் சிக்கனமாக இருந்தால் இரண்டு நாள் தாங்கும். வெளிப்பக்கம் ஒரு சின்னக் கதவைத் திறந்து அதை இழுத்தெடுத்து, ஏதாவது ஒரு கழிப்பறையில் கொட்டி, கழுவி, மருந்து ஊற்றித் திரும்பச் செருக வேண்டும். வாய்க்காலிலோ சவுக்குத் தோப்பிலோ கொட்டக் கூடாது. இதை யார் செய்வது என்று கிளம்புவதற்கு முன்பே பேசி முடியுங்கள். எங்கள் வண்டியில் நான் செய்தேன். உங்கள் வண்டியில், நோட்டில் திட்டம் எழுதியவர் செய்யட்டும். டிரைவர் தலையில் கட்டாதீர்கள், அது அவர் வேலை இல்லை.

டிரைவர் என்றதும் ஞாபகம் வருகிறது. கணவனும் மனைவியும் தனியாகப் போவதாகத்தான் உங்கள் வீட்டில் பேச்சு நடந்திருக்கும். நம் ஊரில் வாடகைக் கேரவன் பெரும்பாலும் டிரைவரோடுதான் வரும். ஆக, மூன்று பேர். அவர் எங்கே படுப்பார், எங்கே குளிப்பார் என்பதை வாடகைக்கு விடுகிறவர் சொல்லமாட்டார். ஸ்டியரிங்குக்கு முன்னால் கால் மடக்கி உட்கார்ந்தபடி தூங்கியவர் மறுநாள் மழையில் கொள்ளிடம் பாலத்தைத் தாண்ட வேண்டும். பேட்டாவோடு அவர் படுக்க ஒரு ரூமுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இதுதான் ராத்திரி எங்கே நிறுத்தினோம் என்ற கேள்விக்கும் பதில். எல்லோரும் கடலைப் பார்த்தபடி வண்டியை நிறுத்தித் தூங்குவதாகக் கனவு காண்கிறார்கள். நவம்பரில் அது வேண்டாம். மணலில் டயர் புதையும், பக்கவாட்டுக் காற்றில் வண்டி ஆடும், காலையில் கண்ணாடி முழுக்க உப்பு. ஊருக்குள் தூங்குங்கள். நாங்கள் தூங்கியது கல்யாண மண்டபங்களில். இந்தக் கடலோரச் சிற்றூர்கள் எல்லாவற்றிலும் ஒரு மண்டபமாவது இருக்கிறது. பஸ்கள் வந்து திரும்புகிற அளவுக்கு முற்றம், போர் தண்ணீர், வரிசையாகக் கழிப்பறைகள், ஏசி தாங்குகிற கரண்ட், டிரைவருக்கு ஒரு ரூம், கேட்டுக்கு வாட்ச்மேன். கேரவனுக்கு வேறு என்ன வேண்டும்? ஐப்பசி, கார்த்திகை இரண்டிலும் முகூர்த்தம் உண்டு என்பதால், தினசரிக் காலண்டரில் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, இரண்டு நாள் முன்னால் போன் செய்தால் போதும்.

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் பொறையாரில் ஒரு மண்டபத்து மேனேஜர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ரொம்ப மரியாதையாக, "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா சார்?" என்று கேட்டார். கல்யாணமே இல்லை, தூங்க வந்திருக்கிறோம் என்பதை அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் தெருப் பையன்கள் கேட்டில் கூடிவிட்டார்கள். கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருக்க வேண்டும் அல்லவா. கதவைத் திறந்து நான் இறங்கியதும் அவர்கள் முகம் போன போக்கை என் மனைவி இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். கடைசியில் மேனேஜர் ஒரு ரூம் வாடகை மட்டும் வாங்கிக்கொண்டு, பந்திக் கூடத்தில் துணி காயப்போட்டுக்கொள்ளவும் அனுமதித்தார். மழைக்காலக் கேரவனில் நனைந்தால்கூடச் சமாளிக்கலாம், நனைந்ததைக் காயவைப்பதுதான் பெரும்பாடு. ஐந்நூறு பேர் சாப்பிடுகிற கூடத்தில், இந்தத் தூணிலிருந்து அந்தத் தூணுக்குக் கொடி கட்டி, மூன்று மின்விசிறிகளுக்கு அடியில் இரண்டு புடவை, ஒரு வேட்டி, டிரைவரின் லுங்கி.

சமையலா? யாரும் சமைக்கவில்லை. அடுப்பு இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். மழைக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு சோறு வடித்தால் ஆவி முழுக்க மெத்தையில் இறங்கும், கேஸ் அடுப்புக்குக் காற்றோட்டமும் இருக்காது. டீ போடலாம், ராத்திரிக்குக் கஞ்சி காய்ச்சலாம், அவ்வளவுதான். சிதம்பரத்தில் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு, நாகூர் பக்கம் போனால் இறால் வாடா என்று ஊருக்கு ஊர் இருக்கும்போது வண்டிக்குள் எதற்கு ரசம் தாளிக்க வேண்டும்? ஒன்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடலுக்குப் போக வேண்டாம் என்று மீனவர்களுக்கு அறிவிப்பு வந்துவிட்டால், கடலை ஒட்டிய ஊரிலேயே புது மீன் கிடைக்காது. கருவாட்டுக் குழம்புதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

வாடகைக்கு எடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டியின் கூரைமேல் ஓஸ் பைப்பால் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லிவிட்டு, உள்ளே போய் உட்காருங்கள். கூரையில் வெளிச்சத்துக்காக ஒரு மூடி இருக்கும். அதைச் சுற்றியிருக்கும் ரப்பர் சென்னை வெயிலில் காய்ந்து வெடித்துவிடுகிறது. கோடை முழுக்க யாருக்கும் தெரியாது, முதல் பெருமழையில்தான் தெரியும். எங்களுக்குக் கடலூர் தாண்டித் தெரிந்தது. மெத்தையின் நடுவில், சரியாக இரண்டு பேருக்கும் மத்தியில், சொட்டு சொட்டாக. ஒரு எவர்சில்வர் குண்டானை வைத்தோம், அந்தச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. குண்டானுக்குள் ஒரு துண்டைப் போட்டபிறகு சத்தம் நின்றது. வாடகைக்கு விட்டவரிடம் போனில் சொன்னால், "மழை அதிகமா சார்?" என்று கேட்டார். ஏசிக்காக மண்டபத்திலிருந்து வயர் இழுக்கும்போது இன்னொரு கவனம் வேண்டும். எக்ஸ்டென்ஷன் போர்டு ஈரத்தரையில் கிடக்கக் கூடாது, நாற்காலி மேலாவது ஏற்றி வையுங்கள்.

சரி, மழை. தை மாதத்துக்குத் தள்ளிப்போடச் சொல்லமாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் இந்தக் கடலோரத்துக்கு ஒரு சுபாவம் இருக்கிறது. ராத்திரி தரை குளிர்ந்துவிடும், கடல் சூடாகவே இருக்கும். மேகம் கரையோரம் திரள்வது அப்போதுதான். அதனால் பெருமழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும் அடித்துவிட்டு, பகலில் விட்டுவிட்டுப் பெய்யும். மழை கொட்டுகிற நேரத்தில் நீங்கள் மண்டபத்து முற்றத்தில், படுக்கையில் இருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் கிளம்பி நாலு மணிக்குள் அடுத்த ஊரில் இருந்துவிடுங்கள். நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும். இருட்டில், தண்ணீர் நிற்கிற ரோட்டில், பள்ளம் எது மேடு எது என்று டிரைவருக்கே தெரியாது.

மழை வேறு, புயல் வேறு. தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப்போட்டது. கஜா 2018 நவம்பர் 16-இல் கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில், அதாவது உங்கள் வீட்டுக்காரர் கோடியக்கரைக்குப் போகிற வழியில். புயலே இல்லாமலும் 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. சென்னையில் ஒரு வருடத்துக்கே சராசரியாக 140 செ.மீ.தான். இவையெல்லாம் சொல்லாமல் வருவதில்லை. ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் இருக்கிற ஊரிலேயே இன்னொரு நாள் இருங்கள். சிவப்பு என்றால், கடலூர், நாகை துறைமுகங்களில் கூண்டு ஏற்றும் வரை காத்திருக்காமல் திரும்பிவிடுங்கள். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும் இறக்காதீர்கள். ரயில்வே சப்வேக்களையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் இல்லாவிட்டாலும் வண்டியின் உயரம் இடிக்கும்.

இதனால்தான் நாலு நாள் திட்டம் எனக்குப் பிடிக்கவில்லை. கோடியக்கரை இங்கிருந்து 350 கிலோமீட்டருக்கு மேல். மணிக்கணக்கு எழுதிய நோட்டு மழையில் ஒருநாள் பிசகினால், மீதி நாளெல்லாம் அதைத் துரத்திக்கொண்டே ஓட வேண்டும். ரயில்வேக்காரருக்கு இது தெரியாததல்ல. அதே நாலு நாளில் தரங்கம்பாடி வரை மட்டும் போய்த் திரும்பட்டும். முதல் ராத்திரி புதுச்சேரிக்கு முன்னால் எங்காவது. மரக்காணத்தில் உப்பளம் முழுக்க மழைத்தண்ணீர் நிற்கும், வேலை நடக்காது. எடுத்து வைத்த உப்பை ஓலை போட்டு மூடியிருப்பார்கள், தூரத்தில் பார்த்தால் வரிசையாகக் குடிசைகள் நிற்பதுபோலத் தெரியும். அடுத்த ராத்திரி சிதம்பரம். பிச்சாவரத்தில் மழை வலுத்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கொள்ளிடம் தாண்டியதும் இரண்டு பக்கமும் சம்பா நடவு பச்சையாக இருக்கும், வயலில் தண்ணீர் ரோடு மட்டத்துக்கு நிற்கும். அந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டீ போடுங்கள். உங்களுக்கு ரசனை இருக்கிறதா என்பதை அவர் அங்கே தெரிந்துகொள்ளட்டும்.

தரங்கம்பாடியில் வண்டியை பொறையாரிலேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். 1792-இல் கட்டிய நுழைவாயில் ஊர் முகப்பில் நிற்கிறது, அதற்குள் இந்த உயரத்தை நுழைக்கப் பார்க்க வேண்டாம். உள்ளே 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம், தெருக்கோடியில் 1620-இல் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. 1845-இல் டேனியர் இந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில். பழைய கோயிலில் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது, அலை மேலும் அரிக்காமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். மழையில் அந்தக் கற்கள் வழுக்கும், உங்கள் முழங்காலுக்கு அவை வேண்டாம். சற்றுத் தள்ளி நின்றே பார்க்கலாம்.

கோடியக்கரையை வேண்டுமானால் தை மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகள் அப்போதும் இருக்கும், மழை ஓய்ந்து ரோடும் காய்ந்திருக்கும். வேதாரண்யத்தில் தங்கிக் காரிலேயே போய்ப் பார்க்கலாம், நீங்கள் சொன்ன லாட்ஜ் கணக்கு அங்கே சரிப்படும்.

இன்னும் ஒன்று. வண்டிக்குப் புதுச்சேரி பர்மிட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நாகூர் வாடாவுக்காகத் தரங்கம்பாடியிலிருந்து தெற்கே இறங்கினீர்கள் என்றால் நடுவில் காரைக்கால் வரும், அதுவும் புதுச்சேரிதான். அங்கே டீசல் நம் ஊரைவிடக் கொஞ்சம் விலை குறைவு. டேங்கை அங்கேதான் நிரப்ப வேண்டும் என்று டிரைவரே பிடிவாதம் பிடிப்பார், விட்டுவிடுங்கள்.

அன்புடன்.