இடுப்பில் அடிபட்ட அம்மாவுக்கு வீட்டிலேயே எக்ஸ்ரே எடுக்கலாமா?

கேள்வி: ஏற்காட்டை அடுத்த நாகலூரில் இருக்கிறோம். அம்மாவுக்கு 78 வயது. முந்தாநாள் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்ததிலிருந்து இடது இடுப்பில் வலி, எழுந்து நிற்க முடியவில்லை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் வலி தாங்குவாரா என்று பயம். சேலத்திலிருந்து வீட்டுக்கே வந்து எக்ஸ்ரே எடுப்பார்களாமே, எடுக்கலாமா? வீட்டில் கைக்குழந்தையும் இருக்கிறது.

பதில்: உங்கள் அம்மாவுக்கு அது வேண்டாம். இன்றே 108-ஐ அழைத்து, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எலும்பு அறுவை வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள்.

வயதானவர் விழுந்து, காலை ஊன்ற முடியவில்லை என்றால், வேறு என்று உறுதியாகும்வரை அதைத் தொடை எலும்பின் கழுத்து முறிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது இரண்டு குதிகால்களையும் பாருங்கள். அடிபட்ட கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் முறிவு ஏறக்குறைய நிச்சயம். அப்படி இல்லாவிட்டாலும் முறிவு இல்லை என்று ஆகாது. எலும்பு விலகாமல் விரிசல் மட்டும் விட்டிருக்கலாம்.

வீட்டு எக்ஸ்ரே இங்கேதான் ஏமாற்றும். தூக்கி வரும் மெஷினின் சக்தி மருத்துவமனை மெஷினின் சக்தியில் ஒரு சிறு பங்குதான். மார்பில் காற்று நிறைய இருப்பதால் அதற்கு இது போதும். இடுப்போ கனத்த சதை. கதிர் ஊடுருவ நேரம் கூடும். அதற்குள் நோயாளி அசைந்தால் படம் கலங்கும். சிதறும் கதிரை வடிகட்டும் கிரிட் இல்லையென்றால் படம் வெளிறிப்போகும். பக்கவாட்டுப் படம் கட்டிலில் சரியாக அமைவது அரிது. நல்ல மெஷினிலேயே சில விரிசல்கள் தெரியாமல் போய், சிடி அல்லது எம்ஆர்ஐ தேவைப்படும். "ஒன்றுமில்லை" என்று ஒரு ரிப்போர்ட் வந்து, அதை நம்பி எண்ணெய் நீவி நடக்க வைத்தால், ஒட்டியிருந்த எலும்பு விலகிவிடலாம். முறிவு தெரிந்தாலும் மலை இறங்கத்தான் வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் பலன் கூடுதல். ஏற்கெனவே இரண்டு நாள் போய்விட்டது. படுத்தே கிடந்தால் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், படுக்கைப் புண் வரும்.

அக்குளில் கைகொடுத்துத் தூக்காதீர்கள். தொடைகளுக்கு நடுவே தலையணை வைத்து, முழங்காலுக்கு மேலும் கணுக்காலிலும் துண்டால் தளர்வாகச் சேர்த்துக் கட்டுங்கள். சாய்ந்த காலை நேராக்க இழுக்க வேண்டாம். நான்கு பேர் படுக்கை விரிப்போடு சேர்த்து ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுங்கள். வலிக்கு ஊசி போட முடியுமா என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் கேளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் முதலில் அதைச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வரும் எக்ஸ்ரே பயனற்றதல்ல. பக்கவாதத்தில் படுத்திருப்பவருக்குக் காய்ச்சலும் சளியும் என்றால், மார்பு எக்ஸ்ரேக்கு அதுவே வசதி. அப்போது முதுகுக்குத் தலையணை கொடுத்து முடிந்தவரை நிமிர்த்தி உட்கார வையுங்கள். மல்லாந்து எடுத்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள நீர் பின்னால் பரவி மறையும். பஞ்சு மெத்தை குழிந்து, முதுகுக்குப் பின்னால் வைக்கும் டிடெக்டர் (படம் பதியும் தட்டு) சாய்ந்துவிடும், அடியில் பலகை போடுங்கள். தாலிக்கொடி, தாயத்து, ரவிக்கை ஊக்கு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பின்னலைத் தலைக்கு மேல் தூக்கி முடியுங்கள். தோளில் கிடக்கும் ஈரப் பின்னல் நுரையீரல் உச்சியில் நோய்போல நிழல் காட்டும். முன்பக்கமிருந்து எடுக்கும் படத்தில் இதயம் பெரிதாகத் தெரிவதும் இயல்பு, அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

வருபவரிடம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா, கதிரியக்க மருத்துவர் படத்தைப் பார்த்துக் கையெழுத்திடுவாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் நேரான பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

குழந்தையைப் பற்றிய உங்கள் கவலைக்கு: ஒரு மார்பு எக்ஸ்ரேயில் நோயாளிக்கே கிடைப்பது சுமார் 0.02 மில்லிசீவர்ட், இயற்கையாகச் சில நாட்களில் நம் எல்லோர் மேலும் படும் அளவு. பொத்தானை விட்டதும் கதிர் நின்றுவிடும். அறையில் எதுவும் தங்காது. ஆனாலும் குழந்தையும் கர்ப்பிணியும் சுவருக்கு அப்பால் இருக்கட்டும். மற்றவர்கள் குறைந்தது 2 மீட்டர் தள்ளி, கதிர் வரும் குழாய்க்குப் பின்பக்கம் நிற்க வேண்டும். 1 மீட்டரிலிருந்து 2 மீட்டருக்கு நகர்ந்தாலே அளவு கால்பங்காகிவிடும். நோயாளியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், ஈய ஏப்ரன் இல்லாமல் யாரும் பிடிக்க வேண்டாம்.