பட்டனில் கொடுத்த நிறம் ஏன் நிற்கவில்லை?

கேள்வி: திருமணப் புகைப்படங்கள் எடுக்கிறேன். என் வேர்ட்பிரஸ் தளத்தில், பக்கங்களை வடிவமைக்கும் எலிமென்டர் ப்ரோவின் போர்ட்ஃபோலியோ விட்ஜெட்டை (படத்தொகுப்பு காட்டும் பகுதி) வைத்து திருமணம், வளைகாப்பு, குழந்தைகள் என்று படங்களைப் பிரித்திருக்கிறேன். இப்போது எந்தப் பிரிவு திறந்திருக்கிறது என்று தெரிவதற்காக அந்தப் பட்டனுக்கு மட்டும் மெரூன் பின்னணி கொடுக்க நினைத்து, சிஎஸ்எஸ்ஸில் (பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழி) முக்காற்புள்ளி (:) போட்டு 'ஆக்டிவ்' என்று எழுதினேன். அழுத்தும்போது நிறம் வருகிறது, கையை எடுத்ததும் போய்விடுகிறது. என்ன தவறு?

பதில்: பெயர்தான் உங்களை ஏமாற்றிவிட்டது. முக்காற்புள்ளி போட்ட 'ஆக்டிவ்' என்றால், மவுஸ் பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் அந்தக் கணம் மட்டும்தான். நீங்கள் கேட்பது 'தேர்ந்தெடுத்த நிலை'. அது சிஎஸ்எஸ்ஸுக்குத் தானாகத் தெரியாது. பட்டனில் யாராவது ஓர் அடையாளம் ஒட்டிவைக்க வேண்டும். அந்த வேலையை விட்ஜெட்டே செய்கிறது.

அதைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். குரோமில் பட்டனை ரைட் கிளிக் செய்து இன்ஸ்பெக்ட் திறந்து, வெவ்வேறு பிரிவுகளை அழுத்திப் பாருங்கள். 'எலிமென்டர்-ஆக்டிவ்' என்ற கிளாஸ், அதாவது அந்த அடையாளப் பெயர், ஒரு பட்டனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். உங்கள் நிறம் அந்த கிளாஸுக்குத்தான் போக வேண்டும். விட்ஜெட்டின் ஸ்டைல் பகுதியிலேயே ஆக்டிவ் கலர் இருக்கிறதே என்று கேட்கலாம். அது எழுத்தின் நிறத்தை மட்டும்தான் மாற்றும். பின்னணிக்கு அட்வான்ஸ்டு பகுதியில் உள்ள கஸ்டம் சிஎஸ்எஸ்தான் வழி. அங்கே இந்த விட்ஜெட்டைக் குறிக்கும் 'செலக்டர்' (selector) என்ற சொல்லுக்கு அப்புறம் ஓர் இடைவெளி விடுங்கள். அடுத்து பட்டனின் கிளாஸையும் ஆக்டிவ் கிளாஸையும் இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதுங்கள். பலர் சறுக்குவது இந்த ஓர் இடைவெளியில்தான். பெயர்களைக் கையால் தட்டாமல் இன்ஸ்பெக்ட்டிலிருந்து காப்பி செய்வது நல்லது.

எலிமென்டர் ப்ரோவிலேயே லூப் கிரிட் (பதிவுகளைக் கட்டங்களாகக் காட்டும் விட்ஜெட்) உடன் வரும் டாக்ஸானமி ஃபில்டருக்கு (பிரிவு வாரியாக வடிகட்டும் பட்டன்கள்) மாறினால் இந்தத் தொல்லையே இல்லை. நார்மல், ஹோவர் (மவுஸ் மேலே நிற்கும் நிலை), ஆக்டிவ் மூன்றுக்கும் ஸ்டைல் பகுதியிலேயே தனித்தனி இடம் உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

சரி, நிறம் நின்றுவிட்டது. அடுத்து போனில் திறந்து பாருங்கள். தொடுதிரையில் ஹோவர் நிறம், தொட்ட பட்டனிலேயே ஒட்டிக்கொண்டு நிற்பதுண்டு. ஹோவருக்கும் அதே மெரூனைக் கொடுத்திருந்தால் எது தேர்வு, எது வெறும் தொடல் என்று குழம்பும். ஹோவருக்கு ஒரு இளநிறம் போதும். ஆக்டிவ் விதியை ஹோவர் விதிக்குக் கீழே எழுதுங்கள், இரண்டும் சம பலத்தில் மோதினால் பின்னால் வருவதுதான் ஜெயிக்கும்.

தேர்ந்தெடுத்த பட்டனுக்கு மட்டும் பார்டர் போட்டால் அழுத்தும்போதெல்லாம் வரிசை குலுங்கும். எல்லாப் பட்டனுக்கும் அதே தடிமனில் நிறமில்லாத பார்டர் ஒன்றை முன்பே கொடுத்துவிடுங்கள். மெரூனில் வெள்ளை எழுத்து பளிச்சென்று தெரியும். கல்யாண ஆல்பம் என்றாலே எல்லோரும் கேட்கும் வெளிர் தங்க நிறத்தில் வெள்ளை எழுத்து மட்டும் வேண்டாம். சாதாரண அளவு எழுத்து தெளிவாகத் தெரிய, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வேண்டிய 4.5:1 வெளிச்ச வேறுபாடு அதில் கிடைக்காது.

இவ்வளவும் செய்தபின் பழைய நிறமே தெரிந்தால், எழுதிய சிஎஸ்எஸ்ஸைச் சந்தேகப்படும் முன் கேஷை (சேமித்துவைத்த பழைய பிரதி) அழியுங்கள்.