பாதி வெள்ளை இலைக்கு ஏன் இத்தனை விலை?

கேள்வி: பச்சை மான்ஸ்டெரா (பெரிய, கிழிசல் விழுந்த இலைகளுடைய வீட்டுச் செடி) பெரிய தொட்டியோடு மலிவாகக் கிடைக்கிறது. அதே செடியின் இலை பாதி வெள்ளையாக இருந்தால், ஒற்றை இலை கட்டிங்குக்கே பல மடங்கு கேட்கிறார்கள். வளர்ப்பதும் கஷ்டமாம். அப்புறம் எதற்கு அந்த விலை? வெறும் மோகம்தானா?

பதில்: மோகம் பாதி. மீதிப் பாதி அந்தச் செடியின் உடம்பிலேயே இருக்கிறது.

நீங்கள் சொல்லும் பாதி வெள்ளை வகைக்கு மான்ஸ்டெரா 'ஆல்போ' என்று பெயர். அதன் தண்டு நுனியில் இரண்டு விதமான செல்கள் கலந்திருக்கும். ஒரு கூட்டம் பச்சையம் தயாரிக்கும். இன்னொன்று மரபணுப் பிறழ்வால் தயாரிக்காது. இப்படி இரண்டு வகைத் திசு ஒரே செடியில் இருப்பதைத் தாவரவியலில் கைமெரா என்பார்கள். விதை போட்டால் இந்தக் கலவை அப்படியே வராது. எனவே கட்டிங்தான் வழி. ஒரு கட்டிங் வேர்விட்டு, தழைத்து, மறுபடி வெட்டக் கொடுக்கும் நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். வெள்ளைப் பகுதி உணவு தயாரிக்காது என்பதால் பச்சைச் செடியைவிட மெதுவாகத்தான் வளரும். அதிலும் சில கிளைகள் முழுப் பச்சையாகத் திரும்பிவிடும். சில முழு வெள்ளையாகிப் பட்டினியிலேயே கருகிப்போகும்.

என்னைக் கேட்டால், அழகுச் செடிகளின் விலையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த ஒரு செடி இரண்டாக எவ்வளவு நாள் ஆகும், அதை யாரால் செய்ய முடியும்? அழகும் அபூர்வமும் அதற்குப் பிறகுதான். சந்தேகமாக இருந்தால், பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் உருண்டையாக உட்கார்ந்திருக்கும் ஒட்டுக் கள்ளியைப் பாருங்கள். அந்த உருண்டையில் பச்சையமே கிட்டத்தட்ட இல்லை. தனியாக நட்டால் செத்துவிடும். ஆல்போவைவிட விசித்திரமான பிறவி. ஆனாலும் மலிவு. ஏனென்றால் அது குட்டிமேல் குட்டியாகப் போடும். ஒவ்வொரு குட்டியையும் வேறொரு கள்ளியில் ஒட்டினால் புதுச் செடி தயார். அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம், பெரிய கைத்திறனும் வேண்டாம்.

வாங்குவதாக முடிவு செய்துவிட்டீர்களா? அப்படியென்றால் படத்தில் இலையைப் பார்த்து மயங்காமல் தண்டைக் காட்டச் சொல்லுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடம் கணு. அதில் சின்னப் புடைப்பாக ஒரு மொட்டு இருக்கும். புதுத் தளிர் அதிலிருந்துதான் வரும். தண்டில் ஓடும் வெள்ளைக் கோடு அந்த மொட்டின் வழியாகவோ அதை ஒட்டியோ போகிறதா என்று பாருங்கள். மொட்டைச் சுற்றி வெறும் பச்சைதான் என்றால், இலை எவ்வளவு வெள்ளையாக இருந்தாலும் அடுத்த தளிர் பச்சையாக வரவே வாய்ப்பு அதிகம். மொட்டைச் சுற்றி முழுக்க வெள்ளை என்றால் வரும் தளிர் பிழைப்பது கடினம். பச்சையும் வெள்ளையும் கலந்து ஓடுகிற தண்டுக்குத்தான் காசு கொடுக்கலாம். கணுவே இல்லாமல் காம்போடு இலையை மட்டும் விற்பவர்களும் உண்டு. அது தண்ணீரில் வேர்விடக்கூடச் செய்யும், மாதக்கணக்கில் வாடாமலும் நிற்கும். ஆனால் அதிலிருந்து இன்னோர் இலை ஒருநாளும் வராது.

கேள்வி: "இன்றைக்கு வாங்கிப் பெருக்கி விற்றால் போட்ட பணம் ஒரே வருடத்தில் திரும்பிவிடும்" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: அப்படி நிச்சயமாகத் திரும்புமென்றால் அவரே விற்காமல் வைத்திருப்பாரே!

மேலே சொன்ன கேள்வியை இங்கேயும் கேட்டுப் பாருங்கள். உங்களுக்கு ஒரு கட்டிங் விற்கும்போதே அவர் தனக்கு ஒரு போட்டியாளரை உருவாக்கிவிடுகிறார். நீங்கள் விற்கும்போது நீங்களும் அதையே செய்வீர்கள். செடி மெதுவாகப் பெருகுகிற வரை விலை நிற்கும். பெருக்கும் வழியை யாராவது வேகப்படுத்திவிட்டால் அவ்வளவுதான்.

ஆர்க்கிட்டின் கதை இதற்கு நல்ல சாட்சி. 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பணக்காரர்கள் ஆர்க்கிட்டுக்காகக் காடு காடாக ஆள் அனுப்பினார்கள். ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்கத் தேவையான உணவு அதற்குள் கிடையாது. இயற்கையில் ஒரு பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். 1922-இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க விஞ்ஞானி, பூஞ்சை இல்லாமலேயே, சர்க்கரை சேர்த்த அகர் (கடற்பாசிக் கூழ்) ஊடகத்தில் விதையை முளைக்க வைக்கலாம் என்று காட்டினார். 1960-இல் பிரான்சின் ஜார்ஜ் மோரெல் சிம்பிடியம் ஆர்க்கிட்டின் நுனித் திசுவிலிருந்து ஒரே மாதிரியான செடிகளை ஏராளமாக எடுக்கும் முறையை வெளியிட்டார். இன்றைக்கு பெலனாப்சிஸ் ஆர்க்கிட் பல்பொருள் அங்காடியில் பூங்கொத்துக்குப் பக்கத்தில் விற்கிறது. பூ பழைய அழகில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

மான்ஸ்டெரா 'தாய் கான்ஸ்டலேஷன்' அண்மையில் அதே பாதையில் போனது. அதன் வெள்ளைப் புள்ளிகள் நிலையானவை என்பதால், ஆய்வுக்கூடத்தில் சிறு திசுவிலிருந்து செடி எடுக்கும் திசு வளர்ப்பில் எளிதாகப் பெருகும். கூடங்கள் உற்பத்தியைக் கூட்டியதும் விலை இறங்கியது. ஆல்போவைத் திசு வளர்ப்பில் போட்டால் இரண்டு வகை செல்களும் பிரிந்துபோகிற சிக்கல் இருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிப்பதற்கு அதுதான் காரணமே தவிர, தாய் கான்ஸ்டலேஷனைவிட அழகு என்பதல்ல.

17-ஆம் நூற்றாண்டில் டூலிப் கிழங்குகளை எக்கச்சக்க விலைக்கு வாங்கிய டூலிப் மோகத்தை எல்லோரும் முட்டாள்தனத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். நெதர்லாந்தில் 1637 பிப்ரவரியில் அந்தச் சந்தை கவிழ்ந்தது உண்மைதான். ஆனால் அன்று அதிக விலைக்குப் போன கிழங்குகளுக்குப் பின்னால் ஒரு நிஜமான தட்டுப்பாடு இருந்தது. 'செம்பர் அகஸ்டஸ்' போன்ற டூலிப்புகளின் இதழில் தீற்றுத் தீற்றாக விழுந்த வண்ணக்கோடு ஒரு வைரஸின் வேலை. அசுவினிப் பூச்சி மூலம் பரவும் அது ஒரு தொற்றுநோய்தான் என்பது 1928-இல் டோரதி கேலி என்ற ஆய்வாளர் செய்த ஆய்வில்தான் தெளிவாகத் தெரிந்தது. எந்தக் கிழங்கில் கோடு விழும் என்று வளர்த்தவருக்கே தெரியாது; விதையிலிருந்து வராது; பக்கக் கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். அந்த வைரஸ் கிழங்கை நலியவும் வைத்ததால் பக்கக் கிழங்கும் குறைவாகவே கிடைக்கும். அழகைக் கொடுத்ததும் பெருக்கத்தைத் தடுத்ததும் ஒரே நோய். இன்று கடையில் கிடைக்கும் கோடு போட்ட டூலிப்புகள் பெரும்பாலும் வைரஸ் இல்லாமல் இனக்கலப்பில் வந்தவை. செம்பர் அகஸ்டஸ் அழிந்தே போய்விட்டது.

விலையை வேண்டுமென்றே இறக்கியதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 1994-இல் கண்டுபிடிக்கப்பட்ட வொல்லமி பைன் காட்டில் நூற்றுக்கும் குறைவான முதிர்ந்த மரங்களாகவே இருக்கிறது. திருடர்கள் தேடிப் போகாதிருக்க, நர்சரியில் ஏராளமாகப் பெருக்கி 2005-இலிருந்து விற்பனைக்கு விட்டார்கள். விரும்பியவர்கள் தொட்டியில் வைத்துக்கொள்ளலாம். காட்டுக்குப் போகவேண்டிய அவசியமில்லை.

ஆகவே, செடி பிடித்திருந்தால் வாங்குங்கள். விலை பாதியாக இறங்கினாலும் வருத்தப்பட மாட்டேன் என்கிற தொகையை மட்டும் போடுங்கள். அவசரம் இல்லையென்றால் ஒன்றிரண்டு வருடம் பொறுப்பது உத்தமம்.

கேள்வி: பிலோடென்ட்ரான் 'பிங்க் காங்கோ' வாங்கினேன். வந்தபோது இலையெல்லாம் அடர்ந்த பிங்க். சில மாதங்களில் புதிய இலைகள் பச்சையாகவே வருகின்றன. வெளிச்சம் போதவில்லையா, உரம் தவறா?

பதில்: உங்கள்மேல் தப்பில்லை. அந்த பிங்க் பிறவி நிறமல்ல. விற்பதற்கு முன் செடிக்கு ஒரு ரசாயனம் கொடுத்து வரவழைத்தது. அதன் பலன் தீர்ந்ததும் செடி தன் சொந்தப் பச்சைக்குத் திரும்பிவிடும். 'பிங்க் பிரின்சஸ்' என்ற பிலோடென்ட்ரான் வேறு. அதன் நிறம் மரபணுவில் இருக்கிறது. அதனால்தான் இலைக்கு இலை மாறும்: ஒன்றில் தெறித்த மாதிரி, அடுத்ததில் பாதி, இன்னொன்றில் ஒன்றுமே இல்லாமல். வரிசையாக எல்லா இலையும் ஒரே சீராக பிங்க் என்றால் சந்தேகப்படுங்கள். விளம்பரத்தில் "நிரந்தர நிறம்" என்று போட்டிருந்தால் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

பளிச்சென்ற நீல பெலனாப்சிஸும் இதே ஜாதி. வெள்ளைப் பூ பூக்கும் செடியின் தண்டில் சாயம் ஏற்றியது. அடுத்த பூ வெள்ளைதான். பூத்தண்டின் அடியில் சில சமயம் ஊசி போட்ட ஓட்டையும் அதை அடைத்த மெழுகும் தெரியும்.

கேள்வி: நீல ரோஜா விதை, வெள்ளை மான்ஸ்டெரா விதை என்று பாக்கெட் விற்கிறார்கள். முயன்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். டெல்பினிடின் என்ற நீல நிறமியை ரோஜாவால் தயாரிக்க முடியாது. மரபணு மாற்றி அதை ஏற்றிய ரோஜாவை ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2009-இல் விற்பனைக்கு விட்டது. அதுகூட ஊதாவுக்குத்தான் பக்கம். பாக்கெட்டில் இருப்பது ரோஜா விதையாகவே இருந்தாலும் நீலம் வராது. மான்ஸ்டெராவுக்கான பதில் முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

கேள்வி: போன்சாய்க்கு "இத்தனை வயது" என்று சொல்லி விலை வைக்கிறார்கள். வயதுக்கா காசு கொடுக்கிறோம்?

பதில்: எண்ணுக்குக் கொடுக்காதீர்கள். மரத்தை வெட்டியோ துளைத்தோ வளையம் எண்ணாமல் அந்த வயதை நிரூபிப்பது கடினம். கண்ணுக்குத் தெரிவதற்குக் கொடுங்கள். மண்ணை ஒட்டி வேர் நாலாபக்கமும் விரிந்து பிடித்திருக்கிறதா? அடியில் பருத்த தண்டு மேலே போகப்போகச் சீராக மெலிகிறதா? பெரிய கிளை வெட்டிய காயம் மூடியிருக்கிறதா? கிளை மறுபடி மறுபடி பிரிந்து நுண்ணியதாக ஆகியிருக்கிறதா? இவையெல்லாம் வருடக்கணக்கில் கை வைத்தால்தான் வரும். கிளையை வளைக்கச் சுற்றிய கம்பி பட்டையில் அழுந்திய தழும்பு இருந்தால் யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். அதைச் சொல்லி விலை குறைக்கக் கேட்கலாம்.

போன்சாய் விஷயத்தில் திசு வளர்ப்புக்கூடத்தைப் பற்றிக் கவலையில்லை. செடியை நகலெடுக்கலாம், அதன்மேல் செலவான வருடங்களை எடுக்க முடியாது. ஆனால் குண்டு குண்டான வேர்மேல் சின்ன இலைக் கிளைகள் ஒட்டிய ஃபைகஸ் 'ஜின்செங்' இந்தக் கணக்கில் சேராது. அது மொத்தமாகத் தயாராகும் சரக்கு. வேர் பருத்த இடத்துக்கு மேலே ஒட்டுப்போட்ட தழும்பு தெரியும், கிளைகள் அந்த இடத்திலிருந்து திடீரென்று கிளம்பும். பார்க்க நன்றாக இருக்கிறது என்று வாங்குவதில் தவறில்லை. பழைய மரம் என்று சொல்லி விற்றால் நகர்ந்துவிடுங்கள்.

கேள்வி: "காட்டிலிருந்து நேரடியாக எடுத்த அரிய ஆர்க்கிட், சைக்காட்" என்று பெருமையாகவே விளம்பரம் செய்கிறார்களே?

பதில்: அதைப் பெருமையாகச் சொல்பவரிடம் வாங்கவே வேண்டாம். அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்துக்கான சைட்டிஸ் ஒப்பந்தம் 1975-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பாபியோபெடிலம் ஆர்க்கிட் இனங்கள் எல்லாமும், என்செபலார்டோஸ் சைக்காட்கள் (பனை போலத் தோன்றும் தொன்மையான தாவரங்கள்) எல்லாமும் அதன் முதல் பட்டியலில் உள்ளன. காட்டிலிருந்து எடுத்ததை வியாபாரத்துக்காக வேறு நாட்டுக்கு அனுப்புவது பொதுவாகத் தடை. நர்சரியில் வளர்த்ததானாலும் எல்லை தாண்ட அனுமதிச்சீட்டு வேண்டும். அது இல்லையென்றால் வாங்கியவரும் சிக்கலாம், செடியும் பறிமுதலாகலாம்.

என்செபலார்டோஸ் வூடி என்ற சைக்காட்டைச் சேகரிப்பவர்கள் ஏன் தவமிருக்கிறார்கள் தெரியுமா? 1895-இல் தென்னாப்பிரிக்காவில் கண்டெடுத்தது ஒரே ஓர் ஆண் செடிக் கூட்டம். பெண் செடி இதுவரை அகப்படவில்லை. விதைக்கு வழியே இல்லை. உலகத்தில் இன்று இருப்பவை எல்லாம் அந்த ஒன்றின் பக்கக் கன்றுகள். மெதுவாகப் பெருகுவதற்கு இதற்கு மேல் உதாரணம் கிடையாது.

நர்சரியில் வளர்ந்த செடியின் வேர் தொட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி சுற்றியிருக்கும். இலைகள் ஏறக்குறைய சீராக இருக்கும். காட்டுச் செடியில் வேர் அறுந்து கட்டையாக நிற்கும், இலையில் பூச்சிக்கடியும் பழைய கிழிசலும், அடியில் வேற்றுப் பாசியும் பட்டைத்துணுக்கும் ஒட்டியிருக்கும். அப்படிப்பட்டது பெரும்பாலும் தொட்டியில் தாக்குப்பிடிக்காது.

கேள்வி: நான் வாங்கிய ரோஜாவின் அட்டையில் "காப்புரிமை பெற்றது, பெருக்குவது தடை" என்று இருக்கிறது. தோழிக்கு ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தால் குற்றமா?

பதில்: நாட்டுக்கு நாடு மாறும். இந்த வகை உரிமையை முதலில் சட்டமாக்கியவர்கள் அமெரிக்கர்கள், 1930-இல். அங்கே காப்புரிமையுள்ள வகையைக் கட்டிங்கிலோ ஒட்டிலோ பெருக்குவது வீட்டுக்காக என்றாலும் உரிமை மீறல்தான். புதிய தாவர வகைகளின் உரிமைக்கான சர்வதேச யுபிஓவி உடன்படிக்கையின் 1991 வடிவத்தைப் பின்பற்றும் நாடுகளில், தனிப்பட்ட, வியாபாரமில்லாத பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. ஆனால் பெருக்கியதை அடுத்தவருக்குக் கொடுத்தால் அது "தனிப்பட்ட" பயன்பாட்டில் அடங்குமா என்பதில் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துவிடுங்கள்.

இந்த உரிமை நிரந்தரமல்ல. அமெரிக்கக் காப்புரிமை விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம். யுபிஓவி 1991-இன்படி குறைந்தது 20 வருடம், மரம், கொடி வகைகளுக்கு 25. முடிந்ததும் யாரும் பெருக்கலாம். ஒரு சூட்சுமம்: அட்டையில் பெரிதாக அச்சிட்டிருப்பது வணிகப் பெயராக இருக்கலாம், அதற்குக் காலாவதி இல்லை. உதாரணமாக, 'நாக் அவுட்' என்று விற்கும் ரோஜாவின் வகைப்பெயர் 'ராட்ராஸ்'. காப்புரிமை முடிந்த செடியைக் குறைந்த விலைக்குத் தேடும்போது, அட்டையின் மூலையில் ஒற்றை மேற்கோள் குறிக்குள் சின்னதாக இருக்கும் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.