பேசினால் மனசு சரியாகுமா?

கேள்வி: வயது 43. தேனி மாவட்டம் கூடலூரிலிருந்து தினமும் ஜீப்பில் குமுளி தாண்டி ஏலக்காட்டு வேலைக்குப் போகிறேன். நாலைந்து மாதமாக மனசு சரியில்லை. காய் எடுத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணீர் வருகிறது. வீட்டுக்கு வந்தால் பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் ஜீப் வரும்வரை தூக்கம் இல்லை. ஆனாலும் வேலை எல்லாம் நடக்கிறது. நர்ஸிங் படிக்கும் மகள் கவுன்சலிங் போகச் சொல்கிறாள். அது பைத்தியக்காரர்களுக்கு என்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அழுகையைப் பற்றி எழுதிய கையோடு, ‘ஆனாலும் வேலை எல்லாம் நடக்கிறது’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வேலை நின்றால்தான் வைத்தியம் என்று நம் பக்கத்தில் ஒரு கணக்கு உண்டு. இடுப்பு வலியோடு காய் எடுப்பவர்கள் நிமிரவே முடியாத நிலை வந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். மனசுக்கும் அதே கணக்கைப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் அரசு மருத்துவமனையில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை, தைராய்டு குறைவு, மாதவிலக்கு நிற்கப்போகும் காலத்து மாற்றங்கள் ஆகியவையும் தூக்கத்தைக் கலைக்கும், அழுகையைக் கொண்டுவரும். அவற்றுக்கு வைத்தியம் வேறு.

அக்காவிடம் பேசுவதை நிறுத்த வேண்டாம். அது பெரிய ஆறுதல். ஆனால் நீங்கள் பாதி சொல்வதற்குள் அவருக்குத் தன் கஷ்டம் நினைவுக்கு வரும். இல்லையென்றால், ‘எல்லாம் சரியாப் போயிரும், விடு’ என்பார். சில விஷயங்களைச் சொன்னால் நாளைக்கு ஜீப்பில் பேச்சாகிவிடுமோ என்று நீங்களே விழுங்கிவிடுவீர்கள். மனநல ஆலோசகரோடு இருக்கும் முக்கால் மணி நேரமும் உங்களுக்கு மட்டுமே உரியது. அவர் புத்திமதி சொல்ல உட்காரவில்லை. உங்கள் மனசு எந்த வழியாகப் போய் எங்கே சிக்கிக்கொள்கிறது என்று உங்களோடு சேர்ந்து தேடுவார்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். காலையில் ஜீப்பில் ஏறும்போது கங்காணி உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘நேத்து எடை குறைஞ்சுபோச்சு, அதான்’ என்று தோன்றும். லோயர் கேம்ப் தாண்டி வண்டி மலை ஏறுவதற்குள் ‘இனி வேலைக்குக் கூப்பிட மாட்டார்’, ‘மகளுக்கு எப்படிப் ஃபீஸ் கட்டுவேன்’ என்று வளர்ந்துவிடும். நெஞ்சு படபடக்கும். சாயங்காலம் சின்னவன் தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டதற்கு முதுகில் ஒரு அடி விழும். அடித்தது எதற்காக என்று உங்களுக்கே தெரியாது.

இதை ஒரு நோட்டில் எழுதச் சொல்வார் ஆலோசகர். என்ன நடந்தது? மனசில் என்ன ஓடியது? உடம்பு என்ன செய்தது? ‘பார்க்கவில்லை’ என்பது நடந்தது. ‘கூப்பிட மாட்டார்’ என்பது நீங்களாகச் சேர்த்தது. அவருக்கு அன்றைக்கு வீட்டில் என்ன பிரச்சினையோ! நாலைந்து வாரம் இப்படி எழுதிப் பழகியவர்களுக்கு, ஜீப்பில் இருக்கும்போதே அந்த எண்ணத்தை அடையாளம் தெரிந்துவிடும். ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் வகுத்த முறை இது. சி.பி.டி. என்பார்கள்; எண்ணத்தையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் சிகிச்சை என்று அர்த்தம். உளவியல் சிகிச்சையில் வேறு முறைகளும் உண்டு. உங்களுக்கு இதிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன்.

வெறும் பேச்சு எப்படி மருந்தாகும் என்ற சந்தேகம் நியாயமானதே. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். பேசியவர்கள் டாக்டர்கள் அல்ல, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆட்கள். 6 முதல் 8 அமர்வுதான். விட்டுப்போன சின்னச் சின்ன வேலைகளை, பழக்கங்களை ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கவைப்பது அதில் முக்கியமான பகுதி. மூன்று மாதத்தில் 100-க்கு 64 பேர் தேறினார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் தேறியது 39 பேர்.

சிகிச்சையால் கடன் குறையாது, கூலி கூடாது. முதல் சில வாரம் பழைய விஷயங்களைக் கிளறுவதால் பாரம் கூடியது போலவும் தோன்றலாம். அதைப் பார்த்துப் பாதியில் நின்றுவிடாதீர்கள். நாலைந்து முறை போயும் அந்த ஆலோசகரிடம் மனசு திறக்கவில்லை என்றால் வேறு ஒருவரிடம் போகலாம், தப்பே இல்லை.

எங்கே போவது? தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஒருநாள் கூலியை விட முடியாத வாரத்தில் 14416-க்குப் போன் செய்யுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவை அது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். தோட்டத்தில் நாளெல்லாம் மலையாளம் பேசுகிறவர்களுக்கும் நான் தமிழில்தான் பேசச் சொல்வேன். நமக்கு நாமே திட்டிக்கொள்வது தாய்மொழியில்தானே!

வாழ்ந்து என்ன பயன், செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே மகளிடம் சொல்லுங்கள், அதே எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அப்போது மருந்தும் சேர்த்து வேண்டியிருக்கும்.

மாமியார் விஷயம். என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் சமைத்துக்கொண்டு, சம்பாதித்துக்கொண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருப்பவர்கள்தான். நீங்கள் பேசுவதை ஆலோசகர் உங்கள் அனுமதி இல்லாமல் வீட்டாரிடம் சொல்லக் கூடாது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் உங்களுக்குத் தரும் உரிமை அது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைமைகளில் மட்டுமே விலக்கு உண்டு. மாமியாரிடம் சொல்வதா வேண்டாமா என்பதை இப்போதே முடிவுசெய்ய வேண்டியதில்லை. முதல் தடவை மகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள்.