மிஞ்சிய சக்தியை உடல் ஏன் கொழுப்பாகச் சேர்க்கிறது? ஸ்டீராய்டு எதிலிருந்து வருகிறது?

சேமிப்புக் கொழுப்பு என்பது கிளிசரால் என்ற ஒரு சிறு மூலக்கூறில் மூன்று கொழுப்பு அமிலங்கள் தொங்கும் பொருள், பெயர் ட்ரைகிளிசரைடு. கிராமுக்கு 9 கிலோகலோரி தரும், மாவுச்சத்து 4 தான். அதைவிட முக்கியமான காரணம் தண்ணீர். மாவுச்சத்தின் சேமிப்பு வடிவமான கிளைக்கோஜன், கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஈரத்துணியைப் பெட்டியில் அடைப்பதுபோல எடையும் ஏறும், இடமும் போகும். கொழுப்பு காய்ந்த துணி. அதனால்தான் கல்லீரல் சுமார் 100 கிராம் கிளைக்கோஜனோடு நிறுத்திக்கொள்கிறது. தசைகளும் நிரம்பிவிட்டால் மிச்சம் கொழுப்புச் செல்லுக்குத்தான். அந்தச் செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே ஒரே பெரிய எண்ணெய்த் துளி. உட்கரு பாவம், ஓரத்தில் நசுங்கிக் கிடக்கும்.

ஸ்டீராய்டு வேறு ரகம்: நான்கு கார்பன் வளையங்கள் ஒட்டிய மூலக்கூறு. மூலப்பொருள் கொலஸ்டிரால். அதன் 27 கார்பன்களில் 6-ஐ ஒரு நொதி, செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நறுக்கிவிடும். மீதியிலிருந்து ஹார்மோன்கள் பிறக்கின்றன: சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசாலையும், விந்தகம் டெஸ்டோஸ்டிரோனையும், சூலகம் ஈஸ்ட்ரோஜனையும் செய்கின்றன. கொழுப்பைப் போல இவற்றைச் சேர்த்து வைப்பதில்லை, தேவைப்படும்போதுதான் தயாரிப்பு.

ஸ்டீராய்டு என்றாலே ஊக்கமருந்து ஊசி என்று பலர் நினைக்கிறார்கள். உடல் தானே செய்யும் கார்ட்டிசாலும் ஸ்டீராய்டுதான், அது அறவே நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.