எட்டாம் வகுப்பு மகளை என்.சி.சி.யில் சேர்க்கலாமா?

வணக்கம் அம்மா. மகள் தேசிய மாணவர் படையான என்.சி.சி.யில் பெயர் கொடுத்துவிட்டு வந்து சம்மதப் படிவத்தை நீட்டுகிறாள், கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை என எழுதியிருக்கிறீர்கள். போடுங்கள். பத்தாம் வகுப்பை நினைத்துத்தானே தயங்குகிறீர்கள்? அதற்காகவே இந்த வருஷம் போடுங்கள் என்பேன்.

பள்ளிகளில் இருக்கிற ஜூனியர் பிரிவு இரண்டு வருடப் பயிற்சி. எட்டில் சேர்ந்தால் ஒன்பதாம் வகுப்பு முடிகிற நேரத்தில் என்.சி.சி.யின் முதல் படியான 'ஏ' சான்றிதழ் தேர்வு எழுதிவிடலாம். பத்தாம் வகுப்பு முழுக்கப் படிப்புக்கே மிஞ்சும். "ஒரு வருஷம் போகட்டும், ஒன்பதில் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளினால் இரண்டாம் வருடப் பயிற்சியும் பொதுத்தேர்வும் ஒன்றாக வந்து நிற்கும். என்னிடம் வருகிற பெற்றோரில் பலர் அந்தச் சிக்கலோடுதான் வருகிறார்கள்.

அடுத்து உங்கள் மாமனார் சொன்ன "இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் கோட்டா கிடைக்கும்" என்ற விஷயம். அதை நம்பிச் சேர்க்க வேண்டாம். தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர், முன்னாள் படைவீரர் வாரிசு, மாற்றுத்திறனாளி ஆகியோருக்குத்தான் சிறப்புப் பிரிவு உண்டு. என்.சி.சி.க்கு அங்கே தனி இடம் கிடையாது. அரசு கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கையில் நடக்கும் சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வில் என்.சி.சி. மாணவர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள், அது உண்மை. ஆனால் இந்த விதிகள் மாறக்கூடியவை. உங்கள் மகள் கல்லூரிக்குப் போகிற வருடம் வரும் அறிவிப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, வருடம் முழுக்க என்னதான் செய்வார்கள்? ஜூன், ஜூலையில் ஆள் எடுப்பார்கள். ஓட விடுவார்கள், உயரம் பார்ப்பார்கள், சில பள்ளிகளில் நாலு கேள்வியும் கேட்பார்கள். இடம் குறைவு, பெயர் கொடுத்த எல்லோருக்கும் கிடைக்காது. அப்புறம் வாராவாரம் பரேடு. முதல் இரண்டு மூன்று மாதம் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். வலது கை போகும்போது வலது காலும் சேர்ந்தே போகும். 'சாவ்தான்', 'விஷ்ராம்', 'தாஹினே முட்', 'பீச்சே முட்' என்று கட்டளையெல்லாம் இந்தியில் வரும். வீட்டில் ஒரு வார்த்தை இந்தி தெரியாத பிள்ளைகள்கூடத் தொண்டை கிழியக் கத்திப் பழகிவிடுவார்கள். ஆகஸ்ட் 15-க்குள் அணிவகுப்பு ஓரளவு சீராகிவிடும், ஏனென்றால் கொடியேற்றத்தன்று ஊரே பார்க்கும்.

வெறும் லெஃப்ட் ரைட் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். வரைபடம் பார்த்துத் திசை கண்டுபிடிப்பது, முதலுதவி, சுகாதாரம், பேரிடர் நேரத்தில் என்ன செய்வது எல்லாம் பாடத்திட்டத்தில் உண்டு. மரம் நடுவது, விழிப்புணர்வு ஊர்வலம், ஜூன் 21 யோகா தினம், நவம்பர் நான்காம் ஞாயிறு என்.சி.சி. தினம் என்று நிகழ்ச்சிகளும் வந்துகொண்டே இருக்கும். 2021 டிசம்பரில் கடற்கரைகளில் பிளாஸ்டிக் பொறுக்குவதற்காக 'புனீத் சாகர்' என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்த வேலையும் வரும். ஊர்வலங்களில் பேனர் பிடித்து நிற்பதில் அரை நாள் வீணாகப் போவதும் உண்டு, மறைக்கவில்லை.

துப்பாக்கி என்றதும் பதறியிருக்கிறீர்கள். .22 ரக ரைஃபிளால், படுத்த நிலையில், 25 மீட்டர் தூரத்து இலக்கைச் சுடச் சொல்வார்கள். ராணுவத்திலிருந்து வந்த பயிற்றுநர்கள் பக்கத்திலேயே இருப்பார்கள். தோட்டா எண்ணித்தான் கொடுப்பார்கள், சுட்ட பிறகு காலிக் கூடுகளை எண்ணித்தான் வாங்குவார்கள். குண்டு நடுவில் பட்டதா என்பதைவிட, எல்லாம் எவ்வளவு நெருக்கமாக விழுந்திருக்கின்றன என்பதைத்தான் முதலில் அளப்பார்கள். மூச்சை அடக்கி, விசையை மெதுவாக அழுத்துகிற பிள்ளைக்குத்தான் அது கைவரும். அவசரக்காரர்களுக்கு வராது. அப்புறம் இன்னொன்று: என்.சி.சி.யில் சேர்ந்தால் ராணுவத்தில் சேர்ந்தே ஆக வேண்டும், போர் வந்தால் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் கிடையாது. 1948-இல் சட்டம் போட்டு இந்த அமைப்பைத் தொடங்கியபோதே அந்தக் கட்டாயத்தை வைக்கவில்லை.

இனி கேம்ப். உங்கள் கடிதத்தில் பாதி இதைப் பற்றித்தான். வருடாந்திரப் பயிற்சி முகாம் பத்து நாள். 'ஏ' தேர்வு எழுத ஒரு முகாமுக்காவது போயிருக்க வேண்டும், பரேடு வருகை 75 சதவீதமும் வேண்டும். அதனால் "என்.சி.சி. ஓகே, கேம்ப் வேண்டாம்" என்று பேரம் பேச முடியாது.

விடிவதற்கு முன்பே விசில் அடித்து எழுப்பிவிடுவார்கள். உடற்பயிற்சி முடிந்ததும் தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு டிபனுக்கு வரிசை. பிறகு டிரில், ஆயுதப் பயிற்சி, வகுப்புகள், மாலையில் விளையாட்டு, இரவு ஆள் எண்ணிக்கை எடுத்துவிட்டுத்தான் படுக்கை. போனைப் பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொண்டு, பேசுவதற்கென்று நேரம் ஒதுக்குவார்கள். முதல் இரண்டு ராத்திரி "அம்மா, வந்து கூட்டிட்டுப் போ" என்று அழுகை வரும். உடனே வண்டி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். நான்காம் நாள் உங்களோடு பேசவே அவளுக்கு நேரம் இருக்காது.

பெண் பிள்ளைகளுக்குத் தங்குமிடம் தனி, உடன் பெண் அலுவலர்களும் பெண் பயிற்றுநர்களும் இருப்பார்கள். ஆனாலும் நீங்கள் நேரில் போய்க் கேளுங்கள்: உங்கள் பள்ளியிலிருந்து கூட வருகிற ஆசிரியை யார், குளியலறை வசதி எப்படி, மாதவிலக்கு நாட்களில் யாரிடம் சொல்ல வேண்டும். கேட்பதில் வெட்கமே வேண்டாம். தெளிவான பதில் வரவில்லையென்றால் அந்த முகாமுக்கு அனுப்பாமல் அடுத்த முகாமுக்குக் காத்திருக்கலாம். ஆஸ்துமா, வலிப்பு மாதிரி ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். "வெயிலில் கறுத்துப் போவாளே" என்ற கவலைக்கு என்னிடம் பதில் இல்லை. கறுக்கத்தான் செய்வாள்.

டெல்லி குடியரசு தின முகாம் பற்றி மகள் இப்போதே பேசுகிறாள் என்றீர்கள். ஆசை நல்லதுதான். ஆனால் அதற்கு ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்வு முகாம்கள் உண்டு, மாநில அணிக்குள் வந்தால் ஜனவரி முழுக்க டெல்லியில்தான். ஒன்பதாம் வகுப்பில் வாய்ப்பு வந்தால் தாராளமாக அனுப்புங்கள், விட்ட பாடத்தைப் பிடித்துவிடலாம். பத்திலோ பன்னிரண்டிலோ வந்தால் நான் அனுப்பச் சொல்ல மாட்டேன்.

வேலைக்கு இது எவ்வளவு உதவும்? 'ஏ' சான்றிதழ் மட்டும் என்றால் கொஞ்சம்தான். மத்திய ஆயுதப் படைகளின் காவலர் பணிக்கு மத்தியப் பணியாளர் தேர்வாணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் தேர்வில் 'ஏ'-க்கு 2, 'பி'-க்கு 3, 'சி'-க்கு 5 சதவீதம் கூடுதல் மதிப்பெண் தருகிறார்கள். பெரிய கதவு திறப்பது 'சி' சான்றிதழுக்குத்தான், அது கல்லூரியில் மூன்று வருடம் சீனியர் பிரிவில் இருந்தால் கிடைப்பது. பட்டப்படிப்பில் 50 சதவீதமும், 'சி' தேர்வில் குறைந்தது 'பி' கிரேடும் இருந்தால், எழுத்துத் தேர்வு இல்லாமலே அதிகாரிகளைத் தேர்வு செய்யும் எஸ்.எஸ்.பி. நேர்முகத்துக்கு நேராக விண்ணப்பிக்க ராணுவத்தில் தனி வழி இருக்கிறது, பெண்களுக்கும் உண்டு. தேறினால் பயிற்சி நம் சென்னை பரங்கிமலையிலேயே. ஆனால் அந்த வழியில் பெண்களுக்கான இடங்கள் ஒற்றை இலக்கத்தில்தான் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிளஸ் டூ முடித்து என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) நுழைவுத் தேர்வு எழுதுவதென்றால் 2022 முதல் பெண்களையும் சேர்க்கிறார்கள். அந்த எழுத்துத் தேர்வில் என்.சி.சி.க்குத் தனி மதிப்பெண் கிடையாது, அங்கே கணக்குதான் காப்பாற்றும்.

எனவே சீருடை வேலை என்கிற எண்ணம் இரண்டு வருடம் கழித்தும் அவளுக்கு இருந்தால், கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது அங்கே என்.சி.சி. பிரிவு இருக்கிறதா, பெண்களை எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டுச் சேருங்கள். பல பொறியியல் கல்லூரிகளில் கிடையாது, சேர்ந்த பிறகு தெரிந்து பயனில்லை. ஒரு நல்ல கண் மருத்துவரிடம் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பத்து வருடக் கனவு கடைசி மருத்துவப் பரிசோதனையில் நிற்பது கொடுமை. ஆசை போய்விட்டால், ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொள்வதில் எந்தக் குறையும் இல்லை. பரேடு பிடிக்காத பிள்ளைக்குச் சாரணியர், ஜூனியர் ரெட் கிராஸ் என்று வேறு இடங்களும் இருக்கின்றன.

படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் ஒன்றைச் சரிபாருங்கள். மகளின் பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா? ஆதாரில் அப்பா பெயர் முழுதாகவும் பள்ளியில் ஒற்றை எழுத்தாகவும் இருப்பது நம் ஊரில் சகஜம். பின்னாளில் சான்றிதழில் ஒரு மாதிரியும் மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரியும் இருந்தால், சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்துவிடுவார்கள். பெயர் மாற்ற வேண்டியிருந்தால் இந்த வாரமே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள், சேர்க்கை முடிந்த பிறகு திருத்துவது பெரிய அலைச்சல்.