ஜெல் படத்திலிருந்து எண்ணுக்கு: கேள்வி பதில்

தொண்டி மாணவி: சூடை மீனின் தசைப் புரதங்களை, எடைவாரியாகப் பட்டைகளாகப் பிரிக்கும் எஸ்டிஎஸ் பேஜ் ஜெல்லில் ஓட்டினேன். ஐஸில் வைத்த ஐந்தாம் நாளில் மயோசின் என்ற தசைப் புரதத்தின் பட்டை பாதியாகிவிட்டது என்று, படத்தை அளக்கும் இமேஜ்ஜே மென்பொருள் காட்டுகிறது. அப்படியே எழுதலாமா ஐயா?

இப்போதைக்கு வேண்டாம் அம்மா. முதல் நாள் பட்டையின் நடுவிலுள்ள படப்புள்ளிகள் (பிக்சல்கள்) கருப்பின் எல்லையான 0-வைத் தொட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். தலைகீழாக்கிய படமெனில் அந்த எல்லை 8 பிட்டில் 255, 16 பிட்டில் 65,535 ஆகும். தொட்டிருந்தால், அதற்கு மேல் எவ்வளவு புரதம் இருந்தாலும் ஒரே எண்தான் கிடைக்கும். ஆகவே உண்மையான வீழ்ச்சி பாதியைவிடப் பெரிதாக இருக்கக்கூடும். புரதத்துக்கு நிறமேற்றும் கூமாசி சாயமும் புரதம் மிகும்போது நேர்கோட்டை விட்டு வளைந்துவிடும் என்பதால், அதே ஜெல்லில் ஒரே மாதிரியை 1, 2, 4, 8 மைக்ரோகிராம் என ஏற்றி, எதுவரை நேர்கோடு நிற்கிறது என்று கண்டபிறகே ஒப்பிடுங்கள். 42 கிலோடால்டன் எடையுள்ள ஆக்டின் என்ற தசைப் புரதத்தை அளவுகோலாக வைப்பவர்கள் உண்டு; கெட்டுவரும் தசையில் ஆக்டின் மாறவில்லை என்பதை அவர்கள் முதலில் காட்ட வேண்டும். ஒரு மாதிரி ஓடிய தடமான லேனின் மொத்த அடர்த்தியால் வகுப்பதையே நான் விரும்புகிறேன்.

மண்டபம் வாசகர்: படத்தை ஜேபெக்காகச் சேமித்துவிட்டேன்.

சுருக்கத்தில் இழந்த எண்கள் திரும்பி வாரா. ஸ்கேனரிலிருந்து 16 பிட் டிஃப் கோப்பாகவே எடுங்கள்.

கீழக்கரை வாசகர்: புரதங்களைப் புள்ளிகளாகப் பிரிக்கும் இருபரிமாண ஜெல்லில், இரு குழுக்களை ஒப்பிடும் டி-சோதனையை 800 புரதப் புள்ளிகளுக்குச் செய்ததில் 40 புள்ளிகளின் p மதிப்பு 0.05-க்குக் கீழே வந்தது.

வேறுபாடே இல்லாவிட்டாலும் தற்செயலாக 40 வரும் என்பதே எதிர்பார்ப்பு. பல சோதனைகளில் தற்செயலாக வரும் போலி முடிவுகளைக் கட்டுப்படுத்த, பெஞ்சமினி, ஹாக்பெர்க் இருவரும் 1995-இல் தந்த திருத்தத்தைச் செய்யுங்கள். பாம்பனில் வாங்கிய ஒரே மீனிலிருந்து மூன்று ஜெல் ஓட்டியிருந்தால், உங்களிடம் இருப்பது ஒரு மீனின் செய்திதான்.

தேவிபட்டினம் வாசகர்: வாட்ஸாப்பில் வந்த ஜெல் படத்தை அளக்கலாமா?

மண்டபத்தாருக்குச் சொன்னதே உங்களுக்கும். டிஃப் கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இராமேஸ்வரம் வாசகர்: கான்ட்ராஸ்டை எல்லா லேனுக்கும் ஒரே அளவில்தான் மாற்றுகிறோம். விகிதம் எப்படிக் கெடும்?

கெடும் தம்பி. கான்ட்ராஸ்டை மாற்றும்போது எல்லாப் பட்டைகளிலிருந்தும் ஓர் அளவு கழிந்துவிடலாம். 1000, 500 என்ற இரு பட்டைகளிலிருந்தும் 200 கழிந்தால் 800, 300 ஆகும். இரண்டு மடங்காக இருந்தது ஏறத்தாழ 2.7 மடங்காகிவிடும்.

இராமேஸ்வரம் வாசகர்: பின்புல நீக்கமும் கழித்தல்தானே? அதை மட்டும் ஏன் ஏற்கிறீர்கள்?

நல்ல கேள்வி. பின்புலம் என்பது பட்டை இல்லாத இடத்தில் ஜெல்லே காட்டும் அளவு. அதை அளந்து கழிக்கிறோம். நீங்கள் கழித்த 200 கண்ணுக்கு அழகாகத் தெரிந்ததால் வந்தது. பின்புல நீக்கத்திலும் தவறு நேரும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்: பின்புலத்தைக் கணிக்க இமேஜ்ஜே பயன்படுத்தும் 'உருளும் பந்து' முறையில் பந்தின் ஆரம் பட்டையைவிடச் சிறிதானால், பட்டையின் ஒரு பகுதியே பின்புலமாகக் கழிந்துவிடும். அதனால்தான் அந்த ஆரத்தை ஆய்வேட்டில் எழுதச் சொல்கிறேன். அதே டிஃப் கோப்பை வைத்து இன்னொருவர் அதே எண்ணை மீண்டும் அளந்து பார்க்க முடியும்.